செங்குழியத்தின் மென்சவ்வு போர்த்திய நனோ மருந்து உம்மாவுக்குக் கிடைக்குமா?

சாய்ந்தமருது மகள்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். உம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மருந்து ஏற்றுகிறார்கள். டொக்ஸோருபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்து ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகிறது. அதற்குப் பிறகு வாயெல்லாம் புண். கஞ்சியைக்கூட நன்றாக ஆறவைத்துத்தான் குடிக்கிறா.

எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு செய்தி போட்டிருக்கிறார். நோயாளியின் சொந்தச் செங்குழியத்தின் மென்சவ்வை உரித்து நனோ துணிக்கைக்குப் போர்த்தி, உள்ளே மருந்தை வைத்து ஏற்றினால் அது நேரே கட்டிக்குப் போய்விடுமாம், பக்கவிளைவே வராதாம். இந்தியாவில் செய்கிறார்களாம். முற்பணம் கட்டினால் இடம் எடுத்துத் தருவார்களாம். வாப்பா வயலை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறார். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். படிக்க உண்மை போலத்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இப்படி ஒன்று இருக்கிறதா?

கல்லடி வாசகன்

தங்கச்சி, முதலில் வாப்பாவிடம் சொல்லுங்கள், வயலில் கை வைக்க வேண்டாம். செங்குழிய மென்சவ்வு போர்த்திய புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் நோயாளிகளின் பாவனைக்கு அனுமதி பெறவில்லை. காசுக்கு விற்கும் நிலையில் அது இல்லை.

ஆனால் ஆராய்ச்சி உண்மை. 2011இல் அமெரிக்காவில், சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லியாங்ஃபாங் ஷாங் குழுவினர் இதை முதலில் செய்து காட்டினார்கள். இதே உறையைச் செய்யும் ஆய்வுகூடம் ஒன்றில் நானும் கொஞ்சக் காலம் வேலை செய்தேன். குருதியைச் சுழற்றிச் செங்குழியத்தைப் பிரித்து, உப்புச் செறிவு குறைந்த குளிர்ந்த கரைசலில் விடுவோம். கலம் நீரை உறிஞ்சி ஊதி வெடிக்கும், ஹீமோகுளோபின் வெளியே வந்துவிடும். திரும்பத் திரும்பக் கழுவக் கழுவச் சிவப்பு வெளிறி, குழாயின் அடியில் இளஞ்சிவப்பாக மென்சவ்வு மட்டும் தங்கும். அதைப் பிஎல்ஜிஏ என்ற பல்பகுதியத்தால் ஆன துணிக்கைகளோடு சேர்த்து, நனோமீற்றர் அளவில் துளையுள்ள வடிதாள் வழியாக அழுத்தித் தள்ளினால் சவ்வு துணிக்கையைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். பிறகு அளந்து பார்த்தால் துணிக்கை ஏறத்தாழ 15 நனோமீற்றர் பருத்திருக்கும். சவ்வின் தடிப்பு 7, 8 நனோமீற்றர்தான், இரண்டு பக்கமும் சேர்த்தால் கணக்குச் சரி. அந்த எண் திரையில் வரும்போது உண்மையிலேயே மனம் குளிரும்.

இவ்வளவு பாடு ஏன்? வெறும் துணிக்கையை ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு கலங்கள் உடனே பிடித்துவிடும். செங்குழியத்தின் மேல் சிடி47 என்றொரு புரதம் இருக்கிறது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டுவது மாதிரி, ‘நான் உள்ளூர் ஆள், விழுங்காதே’ என்று அது சொல்லும். எலிகளில் பார்த்தபோது, போர்த்திய துணிக்கையின் அரைவாழ்வுக் காலம், அதாவது அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், குருதியில் 39.6 மணித்தியாலம். துணிக்கைகளுக்கு வழக்கமாகப் பூசும் பெக் என்ற பல்பகுதியப் பூச்சுக்கு 15.8 தான்.

இப்போது அந்தச் செய்தியில் எது பிழை என்று பாருங்கள். செங்குழியத்துக்குக் கட்டியைத் தேடிப் போகும் குணமே கிடையாது. அந்த உறை தருவது நேரத்தை மட்டும்தான், வழியை அல்ல. ஓரிடத்தில் போய் ஒட்ட வேண்டுமென்றால் வேறு கலத்தின் சவ்வு வேண்டும். காயப்பட்ட குருதிக்கலனில் ஒட்டுவதற்குக் குருதிச் சிறுதட்டின் சவ்வு, இது 2015இல் வந்த ஆய்வு. தன்னினக் கலங்களோடு ஒட்டும் புற்றுநோய்க் கலத்தின் சவ்வையும் போர்த்திப் பார்த்திருக்கிறார்கள். அப்படிச் செய்தாலும் ‘நேரே கட்டிக்கு’ என்பது பெரிய வாக்குறுதி. பத்து வருடத்து நனோ மருந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டில், ஏற்றிய அளவில் கட்டியை அடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம். அவ்வளவும் விலங்குகளில். பக்கவிளைவே வராது என்று எழுதிய கையை நம்பாதீர்கள்.

கல்முனைத் தாதி

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள், காரமும் புளிப்பும் வேண்டாம், மென்மையான பிரஷ் வாங்கிக் கொடுங்கள். மருந்து ஏறிய பிறகு காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அந்த நாட்களில் கிருமியை எதிர்க்கும் வெண்குழியம் குறைந்திருக்கும்.

சாய்ந்தமருது மகள்

ரெண்டு பேருக்கும் நன்றி. வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், வயல் பேச்சை விட்டுவிட்டார். செய்தி போட்டவரிடம் மருந்தின் பெயரையும் எந்த நாட்டுப் பதிவு என்பதையும் கேட்டேன். ‘அதெல்லாம் வந்த பிறகு டொக்டர் சொல்லுவார்’ என்கிறார். ஒரு கேள்வி, நனோ மருந்து என்று எதுவுமே இப்போது பாவனையில் இல்லையா?

கல்லடி வாசகன்

இருக்கிறது. உம்மாவுக்கு ஏற்றும் அதே டொக்ஸோருபிசினைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துப் பெக் பூசியது 1995இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைவு. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிவது அதில் அதிகம். எல்லா நோயாளிக்கும், எல்லா நிலைக்கும் அது பொருந்தாது, டொக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போட்டைக் கொண்டு போய், இதுவரை மொத்தம் எவ்வளவு சிவப்பு மருந்து ஏறியிருக்கிறது, இதயம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வாய்ப்புண்ணைப் பற்றியும் கட்டாயம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து எழுதுவார்கள். குழுவில் வந்த செய்திக்குக் கீழே என் பதிலை அப்படியே ஒட்டிவிடுங்கள், வேறு யாராவது காசு கட்டுவதற்கு முன்னால் பார்க்கட்டும்.