பள்ளி மண்டபத்தில் பழைய மாணவர் விருந்து: ஒயின் பரிமாற அனுமதி எங்கே பெறுவது?

மலைச்சாரல்: அவசரம். சனிக்கிழமை பழைய மாணவர் சந்திப்பு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இரவு விருந்தில் ஒயின் வேண்டும் என்கிறார்கள். அனுமதி எங்கே பெறுவது?

குன்னூர்வாசி: எந்த ஊர்? மண்டபம் வளாகத்துக்குள் இருக்கிறதா? அன்று விடுதியில் பிள்ளைகள் இருப்பார்களா? நிர்வாகம் எழுத்தில் சம்மதித்திருக்கிறதா?

தேயிலைக்காடு: கல்விக்கூடத்திலிருந்து நகராட்சியில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டருக்குள் மது கூடாது என்பது விதி. ஆகவே பேச்சே வேண்டாம்.

பழையகோப்பு: இதைப் பலமுறை விளக்கிவிட்டேன், படிப்பவர்தாம் இல்லை. அந்தத் தூரக் கணக்கு 2003ஆம் ஆண்டு விதிகளின்படி டாஸ்மாக் கடையும் அதன் பாரும் அமையும் இடத்துக்கானது, விருந்துக்கானது அன்று. நிகழ்ச்சிகளுக்கான சிறப்பு உரிமம் 2023இல் வந்தபோது எழுந்த எதிர்ப்பால் திருமண மண்டபங்களையே அதிலிருந்து நீக்கினார்கள் என்னும்போது, பள்ளி மண்டபத்துக்குக் கேட்பது வீண்.

தேயிலைக்காடு: அப்படியானால் எஃப்.எல். 3 என்னும், ஓட்டலில் மது பரிமாறும் உரிமமுள்ள ஓட்டலை வரவழைத்துப் பரிமாறச் சொல்லலாமே?

குன்னூர்வாசி: அந்த உரிமம் ஓட்டலின் கட்டடத்தோடு கட்டுப்பட்டது, பாட்டிலோடு பள்ளிக்கு நடந்து வராது.

சில்வர்ஓக்: ஒயினை மதுவென்று கருதுவதே மிகை. இங்கே வீட்டு ஒயின் போடாத கிறிஸ்துமஸ் உண்டா?

பழையகோப்பு: உரிமமின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். திராட்சை என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது.

சில்வர்ஓக்: என் பாட்டியையும் பிடித்துக்கொடுங்கள், ஐயா.

குன்னூர்வாசி: பாட்டியை விடுங்கள். விடுதிப் பிள்ளை ஒருவரின் கையில் ஒரு கோப்பை போய்ச் சேர்ந்தால், கொடுத்தவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பதினெட்டைக் கடந்த பழைய மாணவராயினும், தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது வழங்கக்கூடாது. அதனால்தான் முதலிலேயே விடுதியைப் பற்றிக் கேட்டேன்.

மலைச்சாரல்: கோத்தகிரி. மண்டபம் வளாகத்துக்குள்தான்; விடுதியும் இயங்குகிறது. இரவு விருந்தை உரிமமுள்ள ஓட்டலுக்கு மாற்றிவிட்டோம். பள்ளியில் தேநீரும் வர்க்கியும் மட்டும். நன்றி.

தேயிலைக்காடு: சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைத்ததா?