திபோநெகோரோவின் குறுவாள் இப்போது எங்கே?

பாளை வாசகன்:
நம்ம கட்டபொம்மனைப் போலவே ஜாவாவில் 1825 முதல் 1830 வரை டச்சுக்காரர்களோடு போரிட்ட இளவரசர் திபோநெகோரோ, பேச்சுவார்த்தைக்கென்று மகெலாங்குக்கு வந்த இடத்தில் கைதானவர். அவருடைய கிரிஸ் என்ற குறுவாள் என்ன ஆனது? தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

தென்காசிக்காரன்:
தம்பி, அது ஊர் திரும்பிவிட்டது. 1831இல் டச்சு மன்னர் முதலாம் வில்லெமுக்குப் பரிசாகப் போய், ஹேக் நகரில் அரச அரும்பொருள் கூடத்தில் இருந்தது. 1883இல் அந்தக் கூடத்தை மூடிப் பொருள்களைப் பல இடங்களுக்குப் பிரித்தபோது லெய்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது, ஆனால் யாருடையது என்ற விவரம் கூடவே போகவில்லை, அதுதான் பெரிய கொடுமை. 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் கொடுத்தார்கள். இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் உடைமை.

பாளை வாசகன்:
சரி, இதுதான் அது என்று எப்படி உறுதி செய்தார்கள்?

தாமிரபரணி:
பழைய காகிதங்களை வைத்துத்தான். திபோநெகோரோவின் தளபதி செந்தோத் எழுதியதும், ஓவியர் ராடன் சாலே அந்தக் கிரிஸைப் பார்த்து எழுதிய குறிப்பும் கிடைத்தன. ஆனாலும் விவாதம் ஓயவில்லை. திபோநெகோரோவின் கிரிஸ் நோகோ சிலுமான் என்ற வகை என்பார்கள்; அந்த வகையில் கத்தியில் செதுக்கிய நாகத்தின் தலை மட்டும் தெரிந்து உடல் கத்தியின் அலகுக்குள் மறையும், இதிலோ உடலும் தெரிகிறது என்று கிரிஸ் அறிந்த சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

தென்காசிக்காரன்:
ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மன் ஆய்வாளர் யாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போனதே, அவற்றையும் இப்படிப் பதிவேடு பதிவேடாகத் தேட வேண்டும். ஜெர்மன் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?