ஏற்காட்டில் திறந்தவெளி லைட் மியூசிக்: எதையெல்லாம் கவனிக்கணும்?

கேள்வி: ரிசார்ட் புல்வெளி, 150 பேர். ஆர்கெஸ்ட்ரா சேலத்திலிருந்து வேனில் வருது. சவுண்ட் விஷயத்தில் என்ன சிக்கல் வரும்?

பதில் 1: முதல்ல நேரம். திறந்தவெளியில ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, 2000-ம் வருஷ ஒலி மாசு விதி. 6:30க்கு ஆரம்பிச்சா 9:45க்கு மங்களம் பாடிடலாம். எழுத்துப்பூர்வ அனுமதி பகல்லயும் வேணும். அந்தக் காகிதம் சவுண்ட் மிக்சர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பதில் 2: பனிதான் பெரிய வில்லன். தபேலா, டோலக் தோல் ஈரம் இழுத்துத் தொய்யும், சுதி இறங்கும். நாலு மணி வெயில்ல சேர்த்த சுதி ஏழு மணிக்கு நிக்காது. மேடையேற 10 நிமிஷம் முன்னாடி மறுபடி சுத்தியால தட்டிச் சேர்க்கணும். கரண்ட் ஜங்ஷன் பாக்ஸை ஈரப் புல்லுல போடாதீங்க, செங்கல் மேல ஏத்துங்க.

பதில் 3: ஸ்பீக்கர் பாடுறவருக்கு முன்னால இருக்கணும், பின்னால வெச்சா மைக் கூவும். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் இழுங்க. இல்லேன்னா டிம்மரால (லைட் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி) ஸ்பீக்கர் 'ஙொய்'ங்கும். அப்புறம், சேலத்திலிருந்து மலையேறுற வழியில 20 கொண்டை ஊசி வளைவு! வேன்ல கீபோர்டைப் படுக்க வெச்சுக் கட்டுங்க.