ஒரே பீஸ், மூன்று அளவு: ஆர் அண்ட் ஆர் பயிற்சியில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சிப்காட் தரக்காரன், ஓசூர்

மூன்று மாதமாக மனசை அரிக்கிறது, இங்கே இறக்கி வைக்கிறேன். ஆர் அண்ட் ஆர் என்றால், அதே பீஸ்களை வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்ப அளந்து, ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பது. 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட், மொத்த டாலரன்ஸ், அதாவது அனுமதித்த வித்தியாசம், 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிஜிட்டல் மைக்ரோமீட்டர். வழக்கம்போல 10 பீஸ், 3 பேர், ஆளுக்கு 3 தடவை, ஆக 90 ரீடிங். ஆடிட் நெருங்கிவிட்டதால் பயிற்சி என்று அரை மணி நேரம் பேசிவிட்டு நேராக அளக்க விட்டேன்.

மூவரில் ஒருவர் லைனிலேயே மூத்தவர், ராயக்கோட்டைப் பக்கத்து அண்ணன். அவருடைய தாளில் ஒன்பது பீஸுக்கு மூன்று தடவையும் ஒரே எண். ஏழாவது பீஸில் மட்டும் 1 மைக்ரான் வித்தியாசம். மனிதக் கைக்கு அப்படி வராது. கிட்டே போனேன். இடது உள்ளங்கையில் பால்பாயிண்டில் ஒன்று முதல் பத்து வரை எழுதி, எதிரே முதல் தடவை எடுத்த ரீடிங். வியர்வையில் ஏழாவது வரி மட்டும் கலைந்து போயிருந்தது.

"என்னண்ணா, காப்பியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"டெஸ்ட்டுன்னு சொன்னீங்களே தம்பி. பதினெட்டு வருஷம் இதே வேலை. இதுல ஃபெயிலானா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு லைன்ல நிக்கறது?" என்றார். கையைக் கழுவப் போனவர் அப்புறம் அந்த ஷிப்ட் முழுக்க என்னிடம் பேசவில்லை.

மாங்கூழ் லேப், காவேரிப்பட்டணம்

எங்களுடையது பிரிக்ஸ் விவகாரம், அதாவது கூழில் இருக்கும் சர்க்கரை அளவு. சீசனில் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து நிற்கும் நேரம். பகல் ஷிப்டில் 15.2, இரவு ஷிப்டில் 14.4. தினமும் இதே கதை. இரவு ஷிப்டில் தண்ணீர் சேர்கிறது என்று பேச்சு கிளம்பி, லேபில் இருந்த பெண் மேல் வந்து விழுந்தது. டிப்ளமோ முடித்துச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் இரவு சூப்பர்வைசரை நிற்க வைத்து, லைனிலிருந்து ஒரு கப் பிடித்து, பிரிக்ஸ் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தாள். 14.4. கப்பை மூடி மேஜையில் வைத்தாள். இருபது நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அதே கப்பிலிருந்து மறுபடி வைத்தாள். 15.2.

வெப்பத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளாத பழைய மாடல் அது. 20 டிகிரிக்கு அளவு குறித்த கருவி. கூழ் பத்து டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் கிட்டத்தட்ட முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும். பகலில் வேலை நெருக்கடியில் கப் மேஜையிலேயே ஆறிவிடும், இரவில் உடனே அளப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ரிட்டையர்ட் இன்ஸ்பெக்டர், கிருஷ்ணகிரி

முதல் பதிவு போட்டவருக்கு: தப்பு அந்த அண்ணன் மேல் இல்லை, உங்கள் ஏற்பாட்டில்தான். பீஸில் எண் கண்ணுக்குத் தெரியும்படி யார் கொடுக்கச் சொன்னது? எண்ணை அடிப்பக்கம் போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வரிசையைக் கலையுங்கள். ரீடிங்கை அவர் வாயால் சொல்லட்டும், வேறொருவர் எழுதட்டும், முந்தைய தாள் அவர் கண்ணிலேயே படக் கூடாது. எனக்கும் ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது, அது போகட்டும்.

இன்னொன்று. பத்துப் பீஸை எங்கிருந்து எடுத்தீர்கள்? ஒரே டிரேயில் அடுத்தடுத்து வந்ததா? அப்படியென்றால் பீஸுக்குப் பீஸ் வித்தியாசமே இருக்காது. அளப்பதில் வரும் வித்தியாசத்தை மொத்த வேறுபாட்டோடு ஒப்பிட்டால் சதவீதம் எகிறும், நல்ல கருவியைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஷிப்ட், வெவ்வேறு மெஷின் என்று எடுக்க வேண்டும். 10 சதவீதத்துக்குக் கீழே நல்லது, 10 முதல் 30 வரை வேலையைப் பொறுத்து ஏற்கலாம், 30க்கு மேல் கூடாது என்று எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். எதோடு ஒப்பிட்ட சதவீதம், டாலரன்ஸோடா மொத்த வேறுபாட்டோடா என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. கருவியைச் சரிபார்த்ததாகக் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் கருவிக்குத்தான், பிடிக்கிற கைக்கு இல்லை.

மாங்கூழ் லேபுக்கு: சூடு எங்களுக்கும் உண்டு. 100 மில்லிமீட்டர் அலுமினியப் பீஸ் 10 டிகிரி சூடேறினால் 23 மைக்ரான் நீளும். மெஷினிலிருந்து எடுத்த கையோடு அளக்காதீர்கள்.

ரோஜா பேக்கிங், தளி

பெரியவர் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் எங்கள் ஷெட்டில் கருவியே ஒரு ஸ்கேல் ஒட்டிய மேஜை. பிப்ரவரி ஆர்டர் நேரத்தில் 60 சென்டிமீட்டர் ரோஜாக் கட்டுக்குள் குட்டைப் பூ வருகிறது என்று புகார். தரம் பிரிக்கும் ஆறு பேரையும் கூப்பிட்டு ஒரே பூவைக் கொடுத்தேன். மூன்று பேர் 62 என்றார்கள், மூன்று பேர் 57.

லட்சுமண ரேகை கிழித்த மாதிரி இரண்டு கட்சி. பாதிப் பேர் மொட்டு நுனியிலிருந்து அளக்கிறார்கள், பாதிப் பேர் மொட்டுக்குக் கீழே காம்பு தொடங்கும் இடத்திலிருந்து. இரண்டு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து அளக்கிறார்கள். எங்கிருந்து அளக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கே மொட்டு நுனி என்று முடிவு செய்து, மேஜையின் பூஜ்ஜியத்தில் ஒரு பலகை அடித்தோம்.

பாலக்கோடு ஆபரேட்டர்

மைக்ரோமீட்டர் பிடிக்கிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன். எண்ணை மறைக்கலாம், வரிசையைக் கலைக்கலாம், எல்லாம் சரி. "இது உன்னைச் சோதிக்க இல்லை, இந்த அளவை நம்பலாமா என்று பார்க்கத்தான்" என்று முதலில் சொல்லுங்கள். எங்களிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. ரிசல்ட் சரியில்லை என்றால் போர்டில் பேர் மட்டும் வரும்.

சிப்காட் தரக்காரன், ஓசூர்

எண்ணை மறைக்காதது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். பீஸ் ஒரே டிரேயில் எடுத்ததும் உண்மை.

பாலக்கோட்டுக்காரர் எழுதியதைப் படித்த பிறகு பழைய தாளை எடுத்துப் பார்த்தேன். அண்ணன் உண்மையாகவே மூன்று தடவையும் அளந்தது அந்த ஏழாவது பீஸை மட்டும்தான், வித்தியாசம் 1 மைக்ரான். மற்ற இருவருக்கும் அதே பீஸில் 4, 5 மைக்ரான். மைக்ரோமீட்டர் முனையில் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ராட்செட் குமிழைத் தொடாமல், திம்பிள் என்ற சுழலும் உருளையை நேராக முறுக்குகிறார்கள், ஒவ்வொரு தடவையும் அழுத்தம் மாறுகிறது. அண்ணன் ராட்செட்டில் மூன்று சொடுக்கு விட்டுத்தான் படிப்பார்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறு ஆர் அண்ட் ஆர் அடுத்த வாரம். இன்னும் அவரிடம் போய்க் கேட்கவில்லை.