டிம்மரைப் பாதியில் வைத்தால் ‘ம்ம்ம்’ சத்தம்: கோளாறு பல்பிலா, டிம்மரிலா?

ஏற்காடு காட்டேஜ்:
வணக்கம். ஏற்காட்டில் வாடகைக்கு விடும் காட்டேஜில் ஒரு படுக்கையறை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க 400 வாட் திருகு டிம்மர், அதில் 7 வாட் எல்.இ.டி. பல்பு 5. முழு வெளிச்சத்தில் சத்தம் இல்லை. பாதிக்குக் குறைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது, இன்னும் குறைத்தால் பல்புகள் விட்டுவிட்டு எரிகின்றன. கீழே டவுனில் என்றால் வண்டிச் சத்தத்தில் இது காதிலேயே விழாது. இங்கே ராத்திரியில் தங்குகிறவர்கள் தூக்கம் கெடுகிறது என்கிறார்கள். சுவிட்ச் பெட்டி பிளைவுட் பேனலில் பதித்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சத்தம் கூடுகிறது, ஃபேனும் சேர்ந்து இரைகிறது. எதை மாற்றுவது? ஆபத்து ஏதும் உண்டா?

குகை வயர்மேன்:
ஆபத்தை முதல்ல பார்த்துடுவோம். ஒரே சீரா ‘ம்ம்ம்’னு வந்தா பயமில்லைங்க. ‘சர்...சர்...’னு விட்டுவிட்டு வந்தாலோ, பிளேட் கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, கருகின வாடை வந்தாலோ அது லூஸ் கனெக்ஷன். உடனே ஆஃப் பண்ணிடுங்க. மலையில பனி ஈரத்துக்குச் செம்புக் கம்பி முனை களிம்பு ஏறிக் கிடக்கும். அந்த முனையை வெட்டிட்டு, புதுசா ஒரு 10 மி.மீ. சீவி, முறுக்கி, திருகை இறுக்கணும். நியூட்ரல் பக்கத்தையும் விடாதீங்க.

அடுத்து, சத்தம் எங்கிருந்து வருதுன்னு பிரிக்கணும். பேப்பரைக் குழலாச் சுருட்டிக் காதுல வச்சு பல்பு கிட்ட ஒரு தடவை, போர்டு கிட்ட ஒரு தடவை கேளுங்க. அப்புறம் ஒரு எல்.இ.டி.யைக் கழட்டிட்டு 60 வாட் குண்டு பல்பு போடுங்க. கழட்டுறப்போ சுவிட்ச் ஆஃப்ல இருக்கட்டும். மத்த நாலும் துடிக்காம எரிஞ்சா, டிம்மருக்கு லோடு (பல்புங்க இழுக்கிற மொத்த வாட்) பத்தலைன்னு அர்த்தம். பழைய டிம்மர்ல குறைஞ்சபட்ச லோடு 40 வாட், 60 வாட்னு போட்டிருக்கும். உங்க மொத்த லோடே 35 தான்.

பல்பு அட்டையில ‘டிம்மபிள்’னு இருக்கான்னும் பாருங்க. இல்லேன்னா டிம்மர் மேல பழி போட வேண்டாம். 100 முதல் 300 வோல்ட் வரை எரியும்னு போட்டிருக்கிற சாதா பல்பு டிம்மரைத் திருகத் திருக அப்படியே எரியும், ஒரு இடத்துல திடீர்னு துடிச்சு அணையும். அதையே டிம்மர்ல ஓட்டினா பல்புக்குள்ள கரண்டைச் சீராக்கித் தர்ற டிரைவர் சர்க்யூட் சீக்கிரம் போயிடும்.

பழைய சோக்கு:
பாதியில் மட்டும் ஏன் இரைகிறது என்பதற்குக் காரணம் உண்டு. நம் லைன் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு அரை அலையும் 10 மில்லி வினாடி. திருகு டிம்மரில் உள்ள டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் அந்த அரை அலையின் முன்பகுதியை வெட்டிவிட்டு, நடுவில் சட்டென்று திறக்கும். சரியாகப் பாதியில் திறந்தால் மின்னழுத்தம் அப்போது உச்சத்தில், சுமார் 325 வோல்ட்டில் நிற்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து அங்கே ஒரே தாவல். வினாடிக்கு 100 முறை இந்த அடி விழுவதால் 100 ஹெர்ட்ஸும், 200, 300 என்று அதன் மடங்குகளும் கேட்கின்றன. முழு வெளிச்சத்தில் தாவல் மிகச் சிறியது, அதனால்தான் அமைதி.

அந்த அடியைத் தாங்கும் எல்லாப் பொருளும் அதிரும்: குண்டு பல்பில் இழை, எல்.இ.டி.யில் டிரைவரின் ஃபெரைட் காயிலும் செராமிக் கெப்பாசிட்டரும், டிம்மருக்குள் சோக் எனும் கம்பிச் சுருள். மட்டமான டிம்மரில் சோக்கே வைப்பதில்லை. அப்போது பல்பு அதிகமாகப் பாடும், பக்கத்தில் ரேடியோவும் கரகரக்கும். சோக் இருந்து அதன் சுற்று தளர்ந்திருந்தால் இரைச்சல் போர்டிலிருந்து வரும். பிளைவுட் பேனல் வேறு அதை வீணைக்குடம் மாதிரி பெருக்கிக் கொடுக்கும். பெட்டிக்கும் பேனலுக்கும் நடுவே 2 மி.மீ. ரப்பர் துண்டு வைத்தாலே பாதி அடங்கும்.

சோக்தான் என்றால், டிம்மரைக் கழற்றி எடுத்து, வைண்டிங் கடையில் கிடைக்கும் காற்றில் காயும் வார்னிஷைச் சுற்றுகளின் இடுக்கில் இறங்கும்படி விட்டு, ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள். கம்பி இனி ஆடாது. டிரையாக்கின் உலோகத் தகட்டில் மட்டும் படக்கூடாது, சூடு வெளியேற வேண்டும்.

ஏற்காடு காட்டேஜ்:
நன்றி. பல்புகளில் ‘டிம்மபிள்’ என்றுதான் இருக்கிறது. குண்டு பல்பு போட்டதும் துடிப்பு நின்றது, ஆனால் இரைச்சல் போகவில்லை. போர்டில் பலமாகவும் பல்பில் லேசாகவும் கேட்கிறது.

அஸ்தம்பட்டி 230:
அப்படியானால் இரண்டு கோளாறும் இருக்கிறது. வார்னிஷ் வைத்தியம் போர்டுச் சத்தத்தைத் தீர்க்கும், லோடு பற்றாக்குறையையும் பல்பு பாடுவதையும் தீர்க்காது. அந்த டிம்மருக்கு நேரம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. எல்.இ.டி.க்கான ‘டிரெய்லிங் எட்ஜ்’ டிம்மர் வாங்குங்கள். அது அலையைப் பூஜ்ஜியத்தில் தொடங்கவிட்டு, பின்பகுதியை மெதுவாக வெட்டும், தாவல் கிடையாது. அட்டையில் ‘ஆர், சி’ குறி இருந்தால் அந்த வகை. ‘ஆர், எல்’ மட்டும் என்றால் பழைய வகை. எல்.இ.டி.க்குத் தனியாக ஒரு வாட் அளவும் குறைந்தபட்ச அளவும் அச்சிட்டிருப்பார்கள், உங்கள் 35 வாட் அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். பெரிய எழுத்தில் உள்ள 400-ஐப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சில மாடலுக்கு நியூட்ரல் வயர் தேவை. பழைய போர்டுகளில் அது வந்திருக்காது, பார்த்துவிட்டு கடைக்குப் போங்கள்.

மாட்டும்போது எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள டிரிப் சுவிட்சை) இறக்கினால் மட்டும் போதாது. மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் அந்த லைனுக்குக் கரண்ட் கொடுத்துவிடும், பலர் கை வைத்து அடி வாங்குவது இங்கேதான். இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, அதன் அவுட்புட்டையும் துண்டித்து, டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த் இரண்டும் பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகே தொடுங்கள்.

மாட்டியதும் பக்கவாட்டில் உள்ள சிறு திருகால் குறைந்தபட்ச வெளிச்சத்தை அமைக்க வேண்டும். எரிந்துகொண்டிருக்கும்போது அமைத்தால் சரியாக வராது. அடிமட்டத்தில் வைத்து, அணைத்து, சில வினாடி கழித்துப் போட வேண்டும். ஐந்தும் ஒன்றாக எரியும் வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஐந்து பல்பும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். கலந்து போட்டால் ஒன்று முந்தி அணையும்.

குகை வயர்மேன்:
இன்வெர்ட்டர் சமாச்சாரம் வேற. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா அலையே செங்குத்தா ஏறி இறங்கும். டிம்மர் இல்லாமலே ஃபேனும் சோக்கும் இரையும். ஈ.பி. கரண்ட் மாதிரி வளைவான அலை தர்ற சைன் வேவ் இன்வெர்ட்டர் மாத்தினாத்தான் முழுசாத் தீரும். அது வரைக்கும் ஒரு டூ-வே சுவிட்ச் போடுங்க: காமன்ல பல்பு லைன், ஒரு முனையில டிம்மர் அவுட்புட், இன்னொண்ணுல டிம்மருக்குள்ள போற அதே பேஸ் நேரா. கரண்ட் போனா டிம்மரை விட்டு விலக்கி ஓட்டிக்கலாம்.

ஈ.பி. கரண்ட்லயும் ஃபேன் குறைஞ்ச வேகத்துல இரைஞ்சா, அதுக்கு டிரையாக் ரெகுலேட்டர் மாட்டியிருக்காங்க. 5 ஸ்டெப் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் போடுங்க, அது அலையை வெட்டாது. மிச்சமாகுதுன்னு அதையே பல்புக்கு மாட்டிடாதீங்க, எல்.இ.டி. அதுல ஒழுங்கா மங்காது, மினுமினுக்கும்.