எங்கள் ஒழுங்கை குழு: கரப்பந்துக்கு வருகிற பிள்ளைகள் எங்கே தங்குவது?

வியாழன் இரவு

நான்: எல்லோருக்கும் வணக்கம். ஒரு அவசரக் கதை. எங்கள் கரப்பந்துப் போட்டிக்கு வருகிற பெண்பிள்ளைகளுக்கு முல்லைத்தீவில் பேசி வைத்திருந்த விடுதிக்காரர் இன்று மாலை கையை விரித்துவிட்டார். முற்பணம் தரவில்லைத்தானே என்கிறார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு எல்லா அறைகளையும் கொடுத்தாயிற்றாம்.

தலைவர் சித்தப்பா: பொங்கல் திங்கட்கிழமை. எங்கள் போட்டி அடுத்த கிழமை, பொங்கலுக்கு முதல் சனி, ஞாயிறு. இந்தத் திகதி வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன்.

தம்பி: திகதி வைத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதே நீங்கள்தான் சித்தப்பா 😄

பெரியம்மா: 🙏🙏🙏

றீச்சர் மாமி: எத்தனை பேருக்கு இடம் வேண்டும், அதைச் சொல் பிள்ளை.

நான்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாகக் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார்கள். வவுனியாவும் அப்படித்தான். தங்குவது மன்னார், மட்டக்களப்பு, கொழும்பு. ஒரு அணிக்கு 12 பிள்ளைகள், பயிற்றுநர், பொறுப்பாக ஒரு பெண். மொத்தம் 42. நடுவர்கள் 4 பேர் வேறு.

கடை அண்ணா: பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டால் என்ன?

றீச்சர் மாமி: அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் சொல்கிறேன், கேட்காதீர்கள். அதிபர் ஓம் என்றாலும் கல்வி வலயத்தில் அனுமதி எடுக்கக் கடிதம் எழுதி அலைய வேண்டும். அது கிடைத்தாலும் மலசலகூடம் மைதானத்தின் மறுகரையில். லைட் இல்லை. இரண்டு கதவுக்குக் கொண்டி இல்லை. இரவில் ஒரு பிள்ளைக்கு வெளியே போக வேண்டி வந்தால் மூன்று பேரை எழுப்ப வேண்டும்.

தம்பி: கொட்டில் போடுவோமா?

றீச்சர் மாமி: உன்னைக் கொட்டிலில் படுக்க வைக்கிறேன்.

ரொறன்ரோ அக்கா: இங்கே பகல் இரண்டு மணி, வேலையில் நிற்கிறேன். குரல் பதிவு போட முடியாது, எழுதுகிறேன். நீங்கள் ஏன் விடுதியை யோசிக்கிறீர்கள்? எங்கள் ரோலர் டெர்பியில் வெளியூர் அணி வந்தால் உள்ளூர் அணிக்காரர் வீடுகளில்தான் பிரித்துத் தங்க வைப்போம். யாருக்கும் சம்பளம் இல்லை, ஸ்கேற்றும் ரயில் பஸ் செலவும் அவரவர் கைக்காசு. ஹொட்டலுக்கு எங்கே போவது?

பெரியம்மா: அது என்ன விளையாட்டு பிள்ளை? நீ காலில் சில்லுக் கட்டிக்கொண்டு ஓடுகிறாயே, அதுவா?

ரொறன்ரோ அக்கா: ஓம் பெரியம்மா. ஒரு காலுக்கு நான்கு சில்லு. முட்டை வடிவத்தில் ஒரு பாதை. ஒரு அணிக்கு ஐந்து பேர் இறங்குவார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டவள் எதிரணிப் பிள்ளைகளைத் தாண்டிப் போகப் போகப் புள்ளி. மற்ற நான்கு பேரும் தோளாலும் இடுப்பாலும் மறிப்பார்கள். ஒரு சுற்று கூடினால் 2 நிமிடம், பிறகு ஆட்களை மாற்றி அடுத்த சுற்று. அப்படி 30 நிமிடம், இடைவேளை, இன்னொரு 30.

பெரியம்மா: இடுப்பால் இடிப்பதா! கலியாணம் கட்டின பிள்ளை!

வான் மாமா: எங்கள் தட்டிவானில் ஏறிப் பழகியவளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை அக்கா.

கடை அண்ணா: இது புதிதாக வந்ததா?

ரொறன்ரோ அக்கா: 1935ல் சிக்காகோவில் தொடங்கியது. அது காசுக்குக் காட்டும் விளையாட்டு, அப்புறம் ஓய்ந்துவிட்டது. இப்போது நாங்கள் ஆடுவது 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸில் ஒஸ்ரின் நகரத்துப் பெண்கள் திருப்பி எடுத்தது. ஆடுவது மட்டுமில்லை, கழகத்தை நடத்துவது, மண்டபம் பிடிப்பது, பாய் விரிப்பது எல்லாம் நாங்களேதான். ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பெயர் வேறு உண்டு, முதுகில் போட்டுக்கொள்வோம். என்னுடையது வன்னி யானை.

தம்பி: 🐘 பொருத்தம்தான்.

ரொறன்ரோ அக்கா: வந்து உன்னை முதலில் இடிக்கிறேன். சரி, விசயத்துக்கு வருகிறேன். தங்க வைப்பதில் நாங்கள் பட்டு அறிந்தது ஒன்று. எந்த வீட்டில் கட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கக்கூடாது. காலையில் எந்த வீட்டார் கொண்டு வந்து விடுவார்கள் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஒருமுறை எங்களுக்கு அருமையான வீடு கொடுத்தார்கள், தனி அறை, மெத்தை எல்லாம். மண்டபம் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. உடம்பைச் சூடாக்க நேரம் இல்லாமல் ஓடிப் போய் நேரே ஆடினோம்.

வான் மாமா: இது மெய்யான கதை. படுக்கிறதுக்கு ஒரு பாய் காணும். போக்குவரத்துத்தான் சிக்கல். என்னிடம் இருப்பது ஒரு வான், அதையும் ஞாயிறு பின்னேரத்தில் இருந்து பொங்கலுக்குக் கொடுத்துவிட்டேன்.

தலைவர் சித்தப்பா: முத்தையன்கட்டுப் பக்கம் என் மச்சானுக்குப் பெரிய கல்வீடு. 20 பேர் தாராளமாகப் படுக்கலாம். பேசவா?

நான்: வேண்டாம் சித்தப்பா. முதல் ஆட்டம் காலை 8 மணிக்கு. 6 மணிக்கு அங்கே இருந்து கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் யானை இன்னும் வீதியில் நிற்கும்.

தலைவர் சித்தப்பா: அதுவும் சரிதான். போன கிழமையும் வாழையை முறித்துவிட்டுப் போனதாம்.

நான்: எனக்கு இப்படித் தோன்றுகிறது. மைதானத்தில் இருந்து நடந்து போகிற தூரம், எங்கள் ஒழுங்கையும் பின் ஒழுங்கையும் மட்டும். ஒரு அணியை நான்கு வீட்டுக்கு மேல் பிரிக்க வேண்டாம். ஒரு வீட்டில் ஒரு பிள்ளையைத் தனியே விடக்கூடாது, ஆகக் குறைந்தது மூன்று பேர். வீடு சின்னதென்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

ரொறன்ரோ அக்கா: நாங்கள் இரண்டு பக்கமும் கேட்டு ஒரு படிவம் நிரப்புவோம். பாயா கட்டிலா, மாடிப்படி உண்டா (அடிபட்ட முழங்காலோடு படி ஏற ஏலாது), நாய் பூனை உண்டா, எந்தச் சாப்பாடு ஆகாது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள். மறக்காமல் பையை எங்கே வைப்பது என்றும் கேட்போம். வியர்த்த முழங்கால் கவசம் இருக்கிறதே, அதை அறைக்குள் வைத்தால் வீட்டுக்காரர் வெளியே படுக்க வேண்டியதுதான்.

தம்பி: மாடிப்படியா? எங்கள் ஒழுங்கையில் மாடி உள்ளது வேப்பமரத்துக்கு மட்டும்.

பெரியம்மா: என் வீட்டில் ஆறு பிள்ளைகள் வரட்டும். புட்டும் சம்பலும் கொடுப்பேன். ஆனால் பொங்கல் முடியும்வரை மச்சம் மாமிசம் இல்லை. முட்டையும் இல்லை. இப்போதே சொல்லிவிடு.

கடை அண்ணா: மன்னார்ப் பிள்ளைகள் மீன் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவார்கள்?

நான்: மன்னார் அணியில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மரக்கறி என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை, தனித்தனிச் சட்டி தேவையில்லை. பருப்பு, பயறு, கடலை கூடப் போடுவோம். ஆட்டத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதனால் பெரியம்மா, புட்டு விடியவே இறங்க வேண்டும்.

பெரியம்மா: நான் எப்போது பிந்தி எழும்பினேன்?

வெள்ளி காலை

வான் மாமா: பயணம் பற்றி. மட்டக்களப்புக்காரர் தங்கள் பஸ்ஸில் வருகிறார்கள். திருகோணமலையால் வந்தால் ஹொரவப்பொத்தானை, வவுனியா, பிறகு ஏ9ல் மாங்குளம் வரை நேர் வீதி. சாரதிக்குச் சொல், புளியங்குளத்தில் குறுக்கு வழி என்று யாரும் சொன்னால் திரும்ப வேண்டாம், மாங்குளத்துக்கே வந்து வலப்பக்கம் முல்லைத்தீவு வீதியைப் பிடிக்கட்டும். மன்னார்க்காரருக்கு வவுனியா சுற்றத் தேவையில்லை. வெள்ளாங்குளம், துணுக்காய், மல்லாவி வழியாக மாங்குளம் வந்துவிடலாம்.

நான்: கொழும்பு அணி றெயின் என்கிறார்கள்.

வான் மாமா: எந்த றெயின்? சில கடுகதி மாங்குளத்தில் நிற்காது. பார்க்காமல் ஏறினால் கிளிநொச்சியில் இறங்கித் திரும்பி வர வேண்டும். இரவு தபால் றெயின் என்றால் விடியாத நேரத்தில் மாங்குளத்தில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் ஒட்டுசுட்டானுக்கு ஓட்டோவும் வராது, நானும் விடமாட்டேன். ஒட்டுசுட்டான் வீதியில் யானை குறுக்கே நின்றால் வானுக்குள் 14 பேரை வைத்துக்கொண்டு எங்கே பின்னுக்கு எடுப்பது?

நான்: அப்போ பகல் றெயின்.

வான் மாமா: அடுத்த வெள்ளி பகல் றெயினில் வரட்டும். ஆனால் ஆசனப் பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கிறது, பொங்கல் வாரம் வேறு, இப்போது மிச்சம் இருக்குமோ தெரியாது. கோட்டையில் இருந்து நின்றுகொண்டு வந்த பிள்ளை அடுத்த நாள் எப்படித் துள்ளி அடிக்கும்? இடம் இல்லையென்றால் பஸ் பிடிக்கச் சொல். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டுமென்று கேட்பார்கள், அது மாங்குளம் தாண்டி அப்பால் என்று சொல்லிவிடு. போகும்போது பார்க்கலாம்.

றீச்சர் மாமி: கச்சானை நான் வாங்கி வைக்கிறேன். இப்போது தண்ணீரைப் பற்றிக் கதைப்போம். வைகாசிச் சோளகக் காற்றில் கிணறு எல்லாம் இறங்கிக் கிடக்கிறது. எங்கள் கிணற்றில் காலையில் மோட்டரைப் போட்டால் தாங்கி நிறையுமுன் காற்று இழுக்கிறது. 14 பேர் ஒரு வீட்டுக் குளியலறையில் வரிசையில் நின்றால் மத்தியானம்தான் ஆட்டம் தொடங்கும்.

நான்: கோயிலடிக் கிணறு?

றீச்சர் மாமி: அதைத்தான் சொல்ல வந்தேன். அது வற்றாத ஊற்று. துலாவும் நல்லாக இருக்கிறது. சுற்றி மறைப்புக் கட்டினால் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வாளியால் அள்ளிக் குளிக்கலாம். மறைப்பு ஆள் உயரத்துக்கு மேல் வேண்டும், வாசல் வயல் பக்கம் பார்க்கக்கூடாது. கிடுகு யாரிடம் இருக்கிறது?

கடை அண்ணா: என்னிடம் பழைய கிடுகு ஒரு கட்டு. ஓட்டை இருக்கும், இரட்டையாகக் கட்டலாம்.

தம்பி: நானும் பொடியளும் சனிக்கு முதல் கட்டித் தருகிறோம். கட்டி முடித்த பிறகு அந்தப் பக்கம் வரமாட்டோம் மாமி, சத்தியம்.

றீச்சர் மாமி: வந்தால் தெரியும்தானே. இன்னொன்று, குளத்தில் குளிக்கிறோம் என்று யாரும் கிளம்பக்கூடாது. கொழும்புப் பிள்ளைகளுக்குக் குளத்தைக் கண்டால் ஆசை வரும். முதலை இருக்கிறது என்று வந்து இறங்கிய உடனேயே சொல்ல வேண்டும்.

ரொறன்ரோ அக்கா: மாமி, கழிப்பறைக்குள் மூடியுள்ள ஒரு வாளி, பழைய பேப்பர், ஒரு பை வையுங்கள். எங்களில் புதிதாக வீடு கொடுக்கிறவர்கள் மறப்பது அதைத்தான். விருந்தாளிப் பிள்ளை வாய் திறந்து கேட்காது.

றீச்சர் மாமி: நல்ல காலம் சொன்னாய். எல்லா வீட்டுக்கும் நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

பெரியம்மா: பின் ஒழுங்கையில் கடைசி வீடும் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

நான்: பெரியம்மா, அதைத் தனியே எடுத்துக் கதைக்கிறேன்.

தலைவர் சித்தப்பா: ஓம், குழுவில் வேண்டாம்.

வெள்ளி இரவு

நான்: 42 பேருக்கும் வீடு சரி. மட்டக்களப்பு எங்கள் ஒழுங்கையில், கொழும்பும் மன்னாரும் பின் ஒழுங்கையில். ஒவ்வொரு வீட்டுப் பொறுப்பு அம்மாவின் எண்ணும் அந்த அணிப் பொறுப்பாளருக்குப் போயிருக்கிறது. பிள்ளைகளின் தாய்மார் இப்போதே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பெண்பிள்ளையை ஊர் தாண்டி அனுப்புகிறவர்கள், நாலு தரம் கேட்பார்கள்தான். மிச்சம் நடுவர்கள் மட்டும். நாலு பேரும் ஆண்கள், பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் விட ஏலாது.

ரொறன்ரோ அக்கா: நடுவருக்குத்தான் முதலில் நல்ல நித்திரை வேண்டும். எங்கள் ஆட்டத்துக்குச் சில்லுக் கட்டிய நடுவரே ஏழு பேர் வரை, வெளியே நின்று புள்ளி எழுதுகிறவர்கள் வேறு. எல்லோரும் சும்மா வருகிறவர்கள். அவர்களைக் கடைசியில் யோசித்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

தம்பி: அக்கா, நீங்களும் அத்தானும் பொங்கலுக்கு வருகிறீர்கள்தானே. எங்கே தங்குகிறீர்கள்?

ரொறன்ரோ அக்கா: அத்தான்தான் போட்டார். முல்லைத்தீவில் இரண்டு அறை, பிள்ளைகளுக்கு ஒன்று.

தம்பி: எந்த விடுதி?

ரொறன்ரோ அக்கா: பொறு, பார்க்கிறேன்.

ரொறன்ரோ அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரொறன்ரோ அக்கா: ஐயோ. நீல நிறக் கேற், கடற்கரை வீதியா?

நான்: 😂😂 ஓம் அக்கா. அதேதான்.

தலைவர் சித்தப்பா: எங்கள் அறைகளைப் பிடித்தது வன்னி யானை!

பெரியம்மா: என் வீடு இருக்க உனக்கு ஏன் விடுதி? சொந்தப் பிள்ளை காசு கொடுத்துப் படுப்பதா? நீயும் மருமகனும் பிள்ளைகளும் இங்கே வாருங்கள். ஆறு பிள்ளைகளோடு நீங்களும் விறாந்தையில் படுக்கலாம்.

ரொறன்ரோ அக்கா: சரி பெரியம்மா. இரண்டு அறையும் நடுவர்களுக்கு. காசு கட்டியாயிற்று, திருப்பிக் கேட்கப் போவதில்லை. விடுதிக்காரருக்குப் பெயர் மாறுவதை இப்போதே எழுதி அனுப்புகிறேன்.

நான்: பதிலை எழுத்தில் வாங்கிக் குழுவில் போடுங்கள் அக்கா. வாய்ச் சொல்லை நம்பினால் என்ன ஆகும் என்று பார்த்தோம்தானே.

வான் மாமா: எல்லாம் சரி. நடுவர்களைச் சனி விடிய முல்லைத்தீவில் இருந்து யார் ஏற்றி வருவது?

கடை அண்ணா: எனக்குச் சனி விடிய முல்லைத்தீவில் மீன் எடுக்கப் போக வேண்டும். திரும்பும்போது என் சின்ன பட்டா லொறியில் ஏற்றி வரலாம். பெட்டிகள் பின்னுக்கு. முன்னுக்கு ஒருவர்தான் இருக்கலாம்.

றீச்சர் மாமி: மற்ற மூன்று பேரும் மீன் பெட்டியோடா? அந்த மணத்தோடு விசில் ஊதுவதா?

வான் மாமா: விடு தம்பி, சனி காலை வான் சும்மாதான் நிற்கிறது. ஞாயிறு பின்னேரம்தானே பொங்கல் ஓட்டம். விடிந்த பிறகு போய் ஏழரைக்குள் மைதானத்தில் இறக்குகிறேன். டீசலுக்குக் கழகம் காசு தரட்டும்.

தலைவர் சித்தப்பா: தருகிறோம். பற்றுச்சீட்டு வேண்டும்.