பட்டு டையில் ரசக்கறை, இஸ்திரியில் தட்டையாகிப்போன ஓரம்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கரூர்ப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரம் சென்னையில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. கோட் இருக்கிறது, டை இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா தன்னுடைய டைகளில் மூன்றைக் கொடுத்தார். மூன்றின் பின்பக்கத்திலும் 100% பட்டு என்று துணிப்பட்டை தைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்சினை.

கருநீல டை பீரோவில் நாலாக மடித்தபடியே கிடந்தது. மடிப்புத் தழும்பு போகவே மாட்டேன் என்கிறது. மெரூன் டையில் முனையிலிருந்து ஒரு சாண் மேலே ரசக்கறை, அதைச் சுற்றி எண்ணெய் படர்ந்திருக்கிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பட்டதாம். மூன்றாவது சாம்பல் நிறம். அது சட்டைகளோடு சேர்ந்து தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போய்விட்டது. கரிப்பெட்டியால் அழுத்தித் தேய்த்ததில் இரண்டு ஓரமும் கத்திமடிப்பாகி, நடுவில் உள்தையலின் தடம் நீளமாகத் தெரிகிறது. கொஞ்சம் பளபளப்பும் வந்துவிட்டது.

பட்டுப்புடவைக்குச் செய்வதுபோல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிப் போடலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா?

சலவைக்கூடத்தார்:

தம்பி, எதையும் தண்ணீரில் போடாதீர்கள். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்தவன் நான். விருந்தினர் கொடுக்கும் டை எதுவானாலும் என் மேசைக்கு வந்துதான் போகும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மா சொல்வது புடவைக்குச் சரி. புடவை ஒற்றைத் துணி. டைக்குள்ளே கம்பளியிலோ கம்பளி கலந்த பருத்தியிலோ கனமான உள்துணி ஒன்று முழு நீளத்துக்கும் ஓடும். இரண்டு முனைகளிலும் லைனிங் வேறு இருக்கும். நனைந்தால் இவை மூன்றும் ஒரே அளவில் சுருங்காது. உள்ளே கம்பளி இழுத்துக்கொள்ளும், மேலே பட்டு அங்கங்கே பொங்கி நிற்கும். அதற்குப் பிறகு எந்த இஸ்திரியும் அதை நேராக்காது.

இன்னொன்று, டைத் துணியை இழைக்கு 45 பாகை சாய்வாக வெட்டித் தைக்கிறார்கள். மூன்று துண்டுகளாகச் சாய்த்து வெட்டி இணைக்கும் இந்த முறைக்கு 1920களில் காப்புரிமை வாங்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப். முடிச்சை அவிழ்த்ததும் டை பழையபடி நேராக நிற்பது இந்தச் சாய்வால்தான். ஈரத்தோடு தொங்கவிட்டாலோ, பெட்டியை வைத்து நீளவாக்கில் இழுத்தாலோ முறுக்கிக்கொள்வதும் இதனால்தான்.

அகலமான முனையைக் கவிழ்த்து, பின்தையலை லேசாக விரித்துப் பாருங்கள். கையால் தைத்த நல்ல டையாக இருந்தால் உள்ளே ஒரு சின்ன நூல் வளையம் தெரியும். பிசிறு என்று அதைக் கத்தரித்துவிடாதீர்கள். டையின் முதுகை மேலிருந்து கீழ்வரை பிடித்திருப்பது ஒரே நூல், அதற்கான தளர்வைத்தான் அந்த வளையத்தில் விட்டிருக்கிறார்கள். முடிச்சுப் போடும்போது துணி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு நூல் அதிலிருந்து உள்ளே போகும். அதை வெட்டினால் முதுகுத் தையல் விட ஆரம்பிக்கும்.

சரி, கருநீலத்துக்கு வருவோம். அதற்கு ஆவி மட்டும் போதும். தடித்த துண்டை விரித்து, டையை முகம் கீழாக வையுங்கள். புதுச் சட்டைக்குள் வரும் அட்டையை டையின் வடிவத்துக்கு, ஓரத்தைவிடச் சற்றுக் குறுகலாக வெட்டி உள்ளே நுழைத்துக்கொள்ளுங்கள். உள்தையலின் தடம் முன்பக்கம் விழாமல் இருக்க இந்த அட்டைதான் காவல். மேலே கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துண்டு. கஞ்சி இருந்தால் சூட்டில் பட்டுக்கு ஒட்டும். ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்து ஆவியை விடுங்கள். பெட்டியை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தடவிக் கொடுங்கள். மடிப்பு இன்னும் இருந்தால் திரும்ப ஒரு முறை. பெட்டியை வைத்தே ஆகவேண்டுமென்றால் ஒற்றைப் புள்ளி போட்ட குறைந்த சூட்டில், வேட்டித் துணியின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது. முடிந்ததும் படுக்கை வசமாகவே ஆறவிட்டு, நன்றாக உலர்ந்த பிறகு தொங்கவிடுங்கள்.

ஸ்டீம் பெட்டியில் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு படிந்து வெள்ளையாகத் துப்பும், கருநீலப் பட்டில் அந்தப் புள்ளி அப்பட்டமாகத் தெரியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பேட்டரி ஆசிட்டும் விற்பார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

சாம்பல் டையையும் பெருமளவு மீட்கலாம். டையின் ஓரம் மடிப்பாக நிற்கக் கூடாது, உருண்டு திரும்ப வேண்டும். உள்ளிருக்கும் கம்பளிதான் அந்த உருட்சியைத் தருகிறது, கம்பளிக்கு ஆவி பட்டால் உப்பும் குணம் உண்டு. அதனால் அட்டையை எடுத்துவிட்டு ஓரத்துக்கு ஆவி காட்டி, சூடு ஆறுவதற்குள் விரல் நுனியால் மடிப்பைத் திறந்து விடுங்கள். ஒரு சாண் முடித்துவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள். நிதானமாகச் செய்கிற வேலை இது. பளபளப்பும் கொஞ்சம் குறையும். பழுப்பேறி இருந்தால் அது கருகல், அதற்கு வைத்தியம் கிடையாது.

மெரூன்தான் சிக்கல். கறை பழசு. மேலே இருக்கும் எண்ணெயை முதலில் எடுக்கப் பாருங்கள். சோளமாவைக் கறை மறையத் தூவி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மாவு ஒரு துளியும் தங்கக் கூடாது, இராமபாணப் பூச்சி வரும். எண்ணெய் வளையம் மங்கினால் இன்னொரு முறை செய்யலாம். மங்கவில்லை என்றால் எண்ணெய் இழைக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரசத்தில் மஞ்சள் இருக்கிறது. சோப்பு கீப்பு போட்டீர்களானால் காரம் பட்டு மஞ்சள் சிவந்துவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் எடுக்கிறோமே, அதே வேலைதான். துணிக்குப் போடும் சலவைத்தூள் பலவற்றில் புரதக் கறையை அரிக்கும் என்சைம் இருக்கும். பட்டே ஒரு புரதம், கறையோடு பட்டையும் அரிக்கும். ப்ளீச்சிங் பக்கமே போகாதீர்கள், அது பட்டைக் கரைத்தேவிடும். அந்த மெரூனை டிரை கிளீனிங்கில் கொடுத்து, 'ரசக்கறை, மஞ்சளும் எண்ணெயும் இருக்கு, வேற எதுவும் போடல' என்று சொல்லுங்கள். கறை இன்னதென்று தெரிந்தால்தான் அவர்கள் அதற்கேற்ற மருந்தை எடுப்பார்கள். அழுத்தி இஸ்திரி போட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சாம்பல் டை கதியில் திரும்பி வரும்.

மயிலாப்பூர்வாசி:

எங்கள் வீட்டில் பட்டு அங்கவஸ்திரத்தில் எண்ணெய் பட்டால் பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைப்போம். உடனே போய்விடும். டைக்கும் அதையே செய்தால் என்ன?

சலவைக்கூடத்தார்:

சார், எண்ணெய் போகும் என்பது உண்மை. டிரை கிளீனிங்கே எண்ணெயைக் கரைக்கும் திரவத்தை வைத்துச் செய்வதுதானே. ஆனால் வீட்டுக்குள் பெட்ரோல் வேண்டாம். ஆவி தரையோடு பரவி அடுப்பு வரைக்கும் போய்ப் பற்றும். தவிர, பம்ப்பில் வாங்கும் பெட்ரோல் சுத்தமானதும் இல்லை. கரைந்த எண்ணெய் வட்டமாகப் படர்ந்து ஓரத்தில் கோடு கட்டும். அங்கவஸ்திரத்தை மடித்து மறைத்துக்கொள்ளலாம், டையின் நடு நெற்றியில் இருப்பதை எப்படி மறைப்பது? துடைப்பது என்பதும் பட்டுக்கு ஆகாது. ஈரப்பட்டைத் தேய்த்தால் இழையின் மேல்பரப்பு பிய்ந்து வெளுத்த திட்டு விழும். கறையையாவது எடுக்க முடியும், அந்தத் திட்டை எடுக்க முடியாது.

ஊசிநூல்:

திருச்சியில் கோட் சூட் தைக்கிறவன் நான். அண்ணன் சொன்ன எல்லாமே சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பூந்திக்கொட்டையில் அலசவே முடியாது என்றில்லை. அலசுவதற்கு முன்னால் டையைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்த முதுகு நூலை உருவி, இரண்டு முனையிலும் இருக்கும் பூட்டுத்தையலைப் பிரித்து, லைனிங்கையும் கழற்றினால் உள்துணி தனியாக வந்துவிடும். மேலே இருப்பது இப்போது வெறும் பட்டுத் துணி, புடவைக்குச் செய்வதை இதற்கும் செய்யலாம். குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்து, பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் படுக்க வைத்து உலர்த்தி, அரை ஈரத்தில் பின்பக்கமாக இஸ்திரி. பிறகு திரும்பக் கையால்தான் தைக்க வேண்டும். மெஷினில் ஓட்டினால் முதுகு விறைத்து, முடிச்சு சரியாக விழாது.

ஆனால் நெசவிலேயே கோடு வந்த டையாக இருந்தால்தான் இதற்குத் துணிவேன். மேலே அச்சடித்த டை சாயம் விடக்கூடும். குறுகலான வாலின் பின்பக்கத்தில் ஈர வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் ஒற்றிப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர்ப் பேச்சே வேண்டாம்.

கரூர்ப் பையன்:

ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். கருநீலம் சரியாகிவிட்டது! அட்டை வைத்து, ஆவி மட்டும் காட்டினேன், மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. அந்த நூல் வளையமும் இருந்தது. மெரூன் வாலில் ஈரத்துணி வைத்ததும் லேசாகச் சிவப்பு ஒட்டியது, அதனால் டிரை கிளீனிங்குக்கே கொடுத்துவிட்டேன்.

இன்னொரு கேள்வி. சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போகிறேன். டையை எப்படி எடுத்துப் போவது?

சலவைக்கூடத்தார்:

இரண்டாக மடித்து, குறுகலான பக்கத்திலிருந்து தளர்வாகச் சுருட்டி, ஷூவுக்குள்ளோ டிபன் டப்பாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் சாம்பார் வாசனை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டு வாசனையைப் பிடித்துக்கொள்ளும். போய் இறங்கியதும் எடுத்துத் தொங்கவிட்டு, வெந்நீரில் குளிக்கும்போது குளியலறைக் கதவுக்கு உள்பக்கம், தண்ணீர் தெறிக்காமல் மாட்டினால் அந்த ஆவியே போதும். சென்ட் அடிப்பதானால் டை கட்டுவதற்கு முன்னால் அடியுங்கள். தேர்வு முடிந்ததும் முடிச்சைத் தலைக்கு மேலே உருவி எடுக்காமல், போட்ட வழியே திருப்பி அவிழுங்கள்.